புனிதப் பயணமும் மின்சாரமும்

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் பயணத்திற்கு வேண்டிய கட்டுச்சாதத்தைச் சேகரித்துக்கொள்ளுமாறு திருமறை பணிக்கின்றது. அக்காலத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீர்த் துருத்தியும் கட்டுச்சாதமாக விளங்கின. இன்று செல்பேசியின் மின்சாரமும் அதனோடு சேர்ந்துவிட்டது. மதீனாவில் ரவ்ளா ஷரீஃபுக்குள் செல்ல 'நுசுக்' செயலியில் முன்னனுமதி பெற வேண்டியுள்ளது. கூட்டத்தில் பிரிந்துவிட்ட தாயாரை மகன் தேடிக் கண்டடைவதும் பெரும்பாலும் செல்பேசியின் துணையால்தான். அது அணைந்துவிட்டால், மொழி அறியாத ஊரில் முதியவர்கள் திகைத்து நிற்க நேரிடும்.

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். வினாடிக்கு 50 சுழற்சி. சவூதி அரேபியாவில் நெடுங்காலம் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் அருகருகே வழங்கி வந்தன. படிப்படியாக 230 வோல்ட்டுக்கு மாறுவதென 2010ஆம் ஆண்டில் அந்நாட்டு அமைச்சரவை முடிவு செய்தது. சுழற்சி அங்கே 60. ஆதலின் பழைய கட்டடங்களில் தங்குவோர், எந்த சாக்கெட்டில் எத்தனை வோல்ட் என்பதை விடுதிப் பணியாளரிடம் கேட்டறிந்துகொள்வது நலம்.

நம் பிளக்கின் கால்கள் உருண்டையானவை. அங்கே பெரிதும் வழங்குவது பிரிட்டன் முறையிலான மூன்று தட்டைக் கால்கள். எனவே ஊரிலேயே ஓர் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: சாதாரண அடாப்டர் பிளக்கின் வடிவத்திற்கு வழி செய்யுமேயன்றி வோல்ட்டை மாற்றாது.

செல்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்களில் பொதுவாக '100–240 வோல்ட், 50/60' என்று பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை எங்கும் அச்சமின்றிச் செருகலாம். 230 மட்டுமே குறிக்கப்பட்ட இஸ்திரிப் பெட்டியை 127 வோல்ட்டில் செருகினால், அதன் வெப்பத்திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மாறாக, 127 மட்டுமே குறிக்கப்பட்ட பொருளை அங்கிருந்து வாங்கி வந்து நம் வீட்டில் செருகினால், அது கருகிப்போகக்கூடும்.

பவர் பேங்கைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்கலாகாது. 100 வாட்-மணிக்கு மேற்பட்டதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது ஏறத்தாழ 74 வாட்-மணியே. எனினும் எத்தனை கொண்டு செல்லலாம் என்பதில் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபாடு உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதன் அருமை துல்ஹஜ் பிறை 9 அன்று விளங்கும். காலையில் மினாவிலிருந்து அரஃபாத். சூரியன் மறைந்தபின் முஸ்தலிஃபா. அங்கே திறந்த வானத்தின் கீழ் இரவு கழிகிறது. சுவரே இல்லாதவிடத்தில் சாக்கெட்டை எங்கே தேடுவது? மினாவிலேயே செல்பேசியையும் பவர் பேங்கையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். குழுத் தலைவரின் எண்ணையும் மினா கூடார எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பெரியவர்களின் பையில் வைத்துவிடுங்கள். தாளுக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

1997ஆம் ஆண்டு மினாவில் மூண்ட பெருந்தீயில் 300க்கும் மேற்பட்ட ஹாஜிகள் ஷஹீதாயினர். அதன் பின்னரே தீப்பிடிக்காத கூடாரங்கள் அங்கே அமைந்தன. ஆயினும், ஒரே சாக்கெட்டில் பல பிளக்குகளை அடுக்கிக் கெட்டிலையும் சேர்த்துச் செருகுவது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். கூடாரத்தின் மின்சாரம் அனைவருக்கும் பொது. நம் செல்பேசி நிரம்பியதும் கழற்றி, காத்திருப்பவருக்கு இடம் விடுவது அடியார்களின் ஹக்கைப் பேணுவதாகும். நம் இபாதத்தை அழகாக்கும் அந்த நற்பண்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.