தனியே நுழையும் பெரியவர்

கேளிக்கைப் பூங்கா குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமே உரியது என்னும் எண்ணம் ஆழமாக வேரூன்றியிருப்பினும், 1843ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் திறக்கப்பட்ட டிவோலி பூங்காவை நோக்குவோர், தனித்து வரும் பெரியவரும் அங்கு இயல்பாகப் பொருந்துவதை உணர்வர். நுழைவுக் கட்டணமும் சவாரிக் கட்டணமும் அங்கு வெவ்வேறாக உள்ளமையால், எதிலும் ஏறாமல் மலர்ப்பாத்திகளுக்கிடையே உலவவும், 1874இல் கட்டப்பட்ட, மயில்தோகை வடிவத் திரைகொண்ட ஊமைக்கூத்து அரங்கின் முன் நின்று நிகழ்ச்சியைக் காணவும் ஒருவருக்கு முழு உரிமை உண்டு. 1914ஆம் ஆண்டின் மரத்தாலான ரோலர் கோஸ்டரில், தொடர்வண்டியின் வேகத்தைக் கையால் கட்டுப்படுத்தும் பணியாளர் ஒருவர் இன்றும் உடன் பயணிக்கிறார். குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பில்லாதவரே இத்தகைய நுட்பங்களை நின்று நிதானமாக அறிய இயலும் என்பது எண்ணத்தக்கது.

வேறு பல பூங்காக்களில், குழுக்கள் அமர்ந்தபின் எஞ்சும் ஓர் இருக்கையை நிரப்புவதற்கென அமைந்த ‘தனிப்பயணி வரிசை’, காத்திருப்பைப் பெரும்பாலும் குறைக்கிறது. பிறருடைய அச்சத்திற்கும் அவசரத்திற்கும் உட்படாத மகிழ்ச்சி பெரியவர்க்கும் தேவையானதே. ஆதலால், துணை கிடைக்கவில்லை என்பதற்காக அதனை எவரும் தள்ளிப்போட வேண்டியதில்லை.