குளிர்ப் பாலையில் ஒரு கொம்போணான்

பாலை என்றதும் கொதிக்கும் மணலும் கானல்நீருமே நம் நினைவில் எழும். ஆயின், பனி பொழியும் பாலையும் உலகில் உண்டு. அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள ஒறிகன் மாநிலத்தில், கஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே, ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் அத்தகையது. பசிபிக் கடலிலிருந்து வரும் முகில்களை மலைகள் மறித்து, மழையைத் தம் மேற்குச் சரிவிலேயே பெய்வித்துவிடுகின்றன. ஆதலின், மேற்கே அடர்ந்த காடு. கிழக்கே எரிமலைக் கற்களும் சாம்பல்நிறப் புதர்களும். இப்புதர் நம் பூமாலைகளில் மணக்கும் மருக்கொழுந்தின் இனத்தது. மழை தூறியதும் நிலமெங்கும் அதன் மணமே கமழும்.

இப்புதர்களின் இடையே வாழ்வது குள்ளக் கொம்போணான். வால் நீங்கலாக அதன் நீளம் 2 அங்குலமளவே. தட்டை உடல்; தலையின் பின்புறத்தில் குறுமுட்கள். மண்ணின் நிறமே அதன் நிறமாதலின், காலடியிற் கிடந்தாலும் புலப்படாது. பகை நெருங்கினால் பெரும்பாலும் அசையாது படுத்துவிடும். எறும்பே அதன் முதன்மையான இரை. ஸ்கொத்லாந்துத் தாவரவியலறிஞர் டேவிட் டக்ளஸ் கொலம்பியா ஆற்றுப் புறத்திற் பெற்ற உயிரியைக் கொண்டு, தோமஸ் பெல் 1828இல் இதனை விவரித்தார். அறிவியற் பெயரிலே இன்றும் டக்ளசின் பெயர் நிலைத்துள்ளது.

பல்லியினங்களிற் பெரும்பாலானவை மண்ணில் முட்டையிட்டு அகன்றுவிடும். கோடையிலும் இரவு குளிரும் இந்நிலத்தில் முட்டை பொரிப்பது அரிது. எனவே, தாய் தன் கருவை வயிற்றிலேயே சுமந்து, வெயில் தேடிக் கிடந்து, கோடையின் பிற்பகுதியிற் குட்டிகளை ஈனுகின்றது. நமது ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த காடுகளில் வாழும் கொஃபோற்றிஸ் என்னும் ஓணானும் குட்டி ஈனுவதே. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன. குளிர் என்னும் ஆசிரியன் இரண்டுக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்தான் போலும்!

இன்று அப்பாலைக்கு ஓர் இடர் வந்துள்ளது. அயல்நாட்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் புகுந்த ஒருவகைப் புல், புதர்களின் இடைவெளியெல்லாம் அடர்ந்து, கோடை தொடங்குமுன்னரே காய்ந்து, எளிதில் தீப்பற்றுகின்றது. எரிந்த புதரோ மீண்டும் தளிர்ப்பதில்லை. விதையிலிருந்தே முளைத்தல் வேண்டும். கனடாவின் ஒசோயூஸ் பகுதியில் முன்னர் வாழ்ந்த இவ்வோணான் இப்போது அங்கே அற்றுப்போனதாகக் கருதப்படுகின்றது.

அசையாதிருத்தலே பருந்திடமிருந்து இச்சிற்றுயிரைக் காத்துவந்த கவசம். தீயின் முன் அக்கவசம் உதவாது. எரிந்த நிலங்களில் புதர் விதைகளை மீண்டும் தூவும் முயற்சி நடைபெறுகின்றது. பாழ்நிலமென நாம் கடந்துபோகும் வெளியும் ஓர் உயிரின் வீடென்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் நன்று.