காலிக் கோட்டைப் பள்ளிவாசல்

காலிக் கோட்டைக்குச் செல்பவர்கள் வெளிச்சவீட்டைப் படம் பிடிக்காமல் திரும்புவதில்லை. அதன் எதிரே, மதிலோரத்தில் நிற்கும் வெண்ணிறக் கட்டடத்தைக் கத்தோலிக்கத் தேவாலயம் என்றே பலர் எண்ணிக்கொள்வார்கள். முகப்பின் இரட்டைக் கோபுரங்கள் அவ்விதமானவை. பிறையையும் அரபு எழுத்துக்களையும் கண்ட பின்னரே அது மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் என்பது விளங்கும்.

இன்றுள்ள கட்டடம் 1904 ஆம் ஆண்டளவில் எழுந்தது. அதனைச் சூழ்ந்துள்ள கோட்டையோ போர்த்துக்கேயர் தொடக்கி, 1640 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் விரித்துக் கட்டியது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை காலி நகரைச் சூறையாடியபோது, கோட்டைக்குள் இருந்தோரைப் பெரிதும் காத்தவை இம்மதில்களே.

காலிக்கும் தமிழுக்கும் இஸ்லாத்துக்கும் உள்ள உறவு கோட்டையிலும் பழையது. 1911 இல் இந்நகரில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. 1409 ஆம் ஆண்டைக் கொண்ட அக்கல்லைக் கொண்டுவந்தவர் சீனக் கடற்தளபதி செங் ஹே. இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனையில் கோயில்கொண்ட தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை செலுத்தியமையை அது கூறுகிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இத்துறைமுகத்தில் அறிவித்தல் ஒன்றை நாட்ட விரும்பியவருக்குத் தமிழ் தேவைப்பட்டிருக்கிறது.

நான் சென்றது ஒரு சனிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த வேளை. அரைக்காற்சட்டை அணிந்த உல்லாசப் பிரயாணிகள் சிலர் வாசலில் நின்று உள்ளே கமெராவை நீட்டிக்கொண்டிருந்தனர். ஓரமாக நின்ற முதியவரிடம், "உள்ளே வரலாமா, ஹாஜியார்?" என்று தமிழில் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. தொழுகை முடிஞ்சிட்டு. எந்த ஊர் நீங்க?"

"யாழ்ப்பாணம்."

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்கட சம்பந்தி ஆக்கள் சோனகதெருவில இருந்தவங்க. இப்ப புத்தளம். அந்த வீட்டுக் கிணத்துத் தண்ணியப் பத்தி இன்னமும் கதைப்பாங்க."

அக்குரலில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. எனினும், வடக்கிலிருந்து செல்லும் ஒரு தமிழன் இந்நாட்டின் எந்தப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தாலும் 1990 ஆம் ஆண்டும் அவனுடன் நுழைகிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதனைச் செய்தவர்கள் விடுதலைப் புலிகளே என்று உயிர்தப்பியோர் கூறினர். ஒக்டோபர் இறுதியில் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைத் தமிழின் பெயரால் துரத்தியது நம் வரலாறு.

அன்று உள்ளே ஒருவர் தனியே தொழுதுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் குறுக்கே நடக்காமல், பின்புறத் தூணருகே அமர்ந்தோம். ஹாஜியார் சம்பந்தி வீட்டுக் கதையைத் தொடர்ந்தார். சோனகதெருவுக்குத் திரும்பிச் சென்று பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு மட்டும் இருந்ததாம். புறப்படும்போது, "அந்தப் பக்கம் போனா ஒருக்கா பாருங்க" என்றார்.

பிறமதத் தலமொன்றுக்குச் செல்பவர் ஜும்ஆ வேளையைத் தவிர்ப்பதும், கால் மறைய உடுத்துவதும், அனுமதி பெற்றுப் படமெடுப்பதும் மரியாதை. நமக்கு அது போதாது. காலிக்குப் போகும் தமிழர்கள் இப்பள்ளிவாசலுக்கும் சென்று வாருங்கள். ஊர் எதுவென்று யாரேனும் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அதன் பின்னர் அவர்கள் சொல்வதை, நியாயம் எதுவும் கூறாமல், அமர்ந்து கேளுங்கள்.