ராமனுக்குப் பெரிய எழுத்து, இயற்பியலுக்குச் சின்ன எழுத்து

மண்ணச்சநல்லூரில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் எஸ்.ஓ.பி.களைச் சில ஆண்டுகளாகப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்று விண்ணப்பத்தோடு ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டிய ஒன்றிரண்டு பக்கம் அது. வருகிறவர்கள் பெரும்பாலும் அரிசி ஆலையில் வேலை பார்ப்பவர்கள், கொஞ்சம் வயல் வைத்திருப்பவர்கள், டோல்கேட் பக்கம் கடை போட்டிருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள். திருச்சிக் கல்லூரிகளில் பட்டம் முடித்தவர்கள். ஆங்கிலம் மோசமில்லை, சொல்வதற்கு விஷயமும் இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லார் தாளிலும் ஒன்று கண்ணில் படும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, எகனாமிக்ஸ், ரிசர்ச் எல்லாம் வாக்கியத்தின் எந்த இடத்தில் வந்தாலும் முதல் எழுத்து பெரிய எழுத்தாகவே இருக்கும்.

ஒரு மாணவியிடம் கேட்டேன். "ஏம்மா, நடுவுல வர்ற பிசிக்ஸுக்கு எதுக்கு கேப்பிட்டல் லெட்டர்?"

"சப்ஜெக்ட் பேரு சார் அது. பேருன்னா கேப்பிட்டல்தானே போடணும்?"

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பெயர் என்றால் பெரிய எழுத்து என்றுதான் பள்ளியில் சொல்லித் தருகிறோம். எந்தப் பெயருக்கு என்று நின்று விளக்குவதில்லை. அவள் தன் பாடத்தின் பெயரை எங்கெல்லாம் பார்த்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழில் மாணவி பெயரிலிருந்து பாடங்களின் பெயர் வரை முழுக்கப் பெரிய எழுத்து. கல்லூரி அட்மிஷன் படிவத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பெரிய எழுத்தில்தான் நிரப்ப வேண்டும். டியூஷன் சென்டர் பலகையிலும் அப்படியே. பாடப்புத்தகத்தின் உள்ளே அதே சொல் சின்ன எழுத்தில் நூறு முறை வந்திருக்கும். ஆனால் அவள் அந்தப் பக்கங்களை இயற்பியலுக்காகப் படித்தாள், எழுத்தைப் பார்க்கவா படித்தாள்?

விதி கடினமானதல்ல. ஒரு துறையை அறிவுத்துறையாகப் பொதுவில் சொல்லும்போது சின்ன எழுத்து. 'எனக்கு இயற்பியல் பிடிக்கும்', 'வேதியியலில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் ரிசர்ச்சும் சின்ன எழுத்தில்தான் தொடங்கும். அதே பிசிக்ஸ் ஒரு கல்லூரித் துறையின் முறையான பெயருக்குள்ளோ, பட்டத்தின் முழுப்பெயருக்குள்ளோ, பருவத்தில் படித்த ஒரு தாளின் தலைப்புக்குள்ளோ வந்தால் பெரிய எழுத்து பெறும். மொழிகளின் பெயர் மட்டும் எங்கே வந்தாலும் பெரிய எழுத்து: தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு, சமஸ்கிருதம். தமிழ் இலக்கியம் படித்தேன் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழுக்குப் பெரிய எழுத்து, இலக்கியத்துக்குச் சின்ன எழுத்து. 1906-இல் முதற்பதிப்பு கண்டு இன்றும் பதிப்பாளர்கள் கைக்கொள்ளும் சிகாகோ நடைக் கையேடும் இதைத்தான் சொல்கிறது.

பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு வெளியே தேடவேண்டியிருக்கவில்லை. கொள்ளிடப் பாலம் தாண்டினால் திருவானைக்காவல். சி.வி. ராமன் 1888-இல் அங்கே பிறந்தார். 1928-இல் அவர் கண்டறிந்த ராமன் விளைவை ஆங்கிலத்தில் எழுதும்போது ராமனுக்குப் பெரிய எழுத்து, எஃபெக்டுக்குச் சின்ன எழுத்து. 1930-இல் அவர் பெற்ற பரிசின் பெயரை முழுதாக எழுதினால் நோபல், பிரைஸ், பிசிக்ஸ் மூன்றுக்கும் பெரிய எழுத்து. அவர் வாழ்நாளெல்லாம் செய்தது என்ன என்று கேட்டால், சின்ன எழுத்தில் தொடங்கும் பிசிக்ஸ். இந்த மூன்றையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால், அதற்குமேல் யாரும் விதி கேட்பதில்லை. கொஞ்சம் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குப் போசானையும் சொல்வேன். சத்யேந்திரநாத் போஸின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. அவர் பெயருக்குப் பெரிய எழுத்து, அவர் பெயரைத் தாங்கிய துகளுக்குச் சின்ன எழுத்து. அதனால் போஸின் பெருமையில் ஒரு துளியும் குறையவில்லை.

இந்தக் கடைசி வரி முக்கியம். நம் பிள்ளைகள் பெரிய எழுத்தை மரியாதையாக நினைக்கிறார்கள். பிடித்த பாடத்தைச் சின்ன எழுத்தில் எழுதச் சொன்னால் முகம் சுருங்குகிறது. ஆங்கிலத்துக்கே இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூலப்படியில் சாதாரணப் பெயர்ச்சொற்கள்கூடப் பெரிய எழுத்தில்தான் நிற்கின்றன. ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான். டென்மார்க்காரர்கள் 1948-இல்தான் அந்தப் பழக்கத்தை விட்டார்கள். ஆகவே இதில் அறிவுக்குறைவு என்று ஒன்றுமில்லை. காலத்துக்குக் காலம், மொழிக்கு மொழி மாறுகிற வழக்கம் இது. தமிழில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. திருவரங்கம் கோயில் சுவர்களில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின் தமிழ் வரிகளில் மன்னனின் பெயருக்கும் விளக்கெரிக்க விட்ட நிலத்தின் பெயருக்கும் தனித்தனி எழுத்துவகை கிடையாது. மரியாதையை நாம் 'ஆர்' விகுதியிலும் 'அவர்கள்' என்ற சொல்லிலும் வைத்தோம். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அந்த வேலை இல்லை. இது இன்னதன் தனிப்பெயர் என்று காட்டுவதோடு அதன் கடமை முடிந்தது.

ஓர் எழுத்துக்காக இடம் கிடைக்காமல் போய்விடுமா என்று கேட்பார்கள். போகாது. விண்ணப்பத்தைப் படிக்கிற பேராசிரியர் மதிப்பெண்ணையும், செய்த ப்ராஜெக்டையும், சிந்தனையின் தெளிவையும்தான் பார்ப்பார், பார்க்க வேண்டும். ஆனால் அவர் முன்னால் ஒரு கட்டுத் தாள் இருக்கிறது. வரிக்கு நான்கு பெரிய எழுத்து நிமிர்ந்து நிற்கும் பக்கத்தில் உண்மையிலேயே கவனிக்கப்பட வேண்டிய பெயர், அதாவது அந்தப் பிள்ளை சேர விரும்பும் ஆய்வகத்தின் பெயர், கூட்டத்தில் மறைந்துபோகும். நகரத்துப் பிள்ளைகளுக்கு இதைத் திருத்திக் கொடுக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது, இல்லையென்றால் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தன் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்கு அப்படி யாருமில்லை. திறமையில் இல்லாத வித்தியாசம் தாளில் தெரிவது எனக்குப் பொறுக்கவில்லை.

விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் சேர விரும்பும் படிப்பின் பெயரை அந்தப் பல்கலைக்கழகம் எப்படி அச்சிட்டிருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்து மாறாமல் எடுத்து எழுதுங்கள். மற்ற இடங்களில் பாடத்தின் பெயரைச் சின்ன எழுத்தில் விடுங்கள், தமிழையும் ஆங்கிலத்தையும் போன்ற மொழிப்பெயர்களைத் தவிர.

பிளஸ் டூ ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு பீரியடை இதற்கு ஒதுக்குங்கள். இயற்பியல் பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியையும் ஒரு கல்லூரி ப்ராஸ்பெக்டஸின் ஒரு பக்கத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, எங்கே பெரிய எழுத்து, எங்கே சின்ன எழுத்து, ஏன் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.