ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை

எங்க ஊர் சேவைச் சங்கத்தில் சேரப்போகிறேன் என்றதும் வீட்டில், "சால்வை போட்டு போட்டோ எடுக்கிற இடந்தானே?" என்றார்கள். என் மனதில் இருந்தது சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரி.

58 ஏக்கர். சேர்வராயன் மலை மழை வந்து சேரும் ஏரி. சீரழிந்து கிடந்த அதை 2010-இல் சேலம் மக்கள் குழு கையில் எடுத்தது. மக்களே பணம் கொடுத்தார்கள். தோண்டிய மண்ணை வெளியே கடத்தாமல், ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டது. கிளைகளுக்குப் பறவைகள் வந்தன. எத்தனை அழகான யோசனை! நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

நாமக்கல் பக்கம் எங்கள் சங்கம் சின்னது. லாரிக்கு பாடி கட்டுகிறவர், கோழிப்பண்ணைக்காரர், டீச்சரம்மா எல்லோரும் சேர்ந்து எங்கள் ஊர் ஏரியில் சீமைக் கருவேலம் பிடுங்குகிறோம். ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று எங்களுக்குக் காட்டியவர் ஆடு மேய்க்கும் அப்பாரு ஒருவர். எந்த வரைபடத்தையும்விட அவர் கைத்தடி துல்லியம். கூட்டம், தீர்மானம், பொறுப்பு இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் சங்கம் உயிரோடு இருப்பது கரையில்தான்.

ஐப்பசி மழைக்குள் வரத்து வாய்க்காலைத் திறந்தாக வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாங்க. மண்வெட்டி இருந்தால் எடுத்துட்டு வாங்க, இல்லாட்டியும் வாங்க.