பால் மறந்த பிள்ளை

சென்ற மார்கழியில் கோடைக்கானலில் மூன்று நாள் தங்கியிருந்தோம். முதல் நாள் காலையிலேயே அம்மாவின் தேங்காய் எண்ணெய்ப் புட்டி மெழுகாய் உறைந்துபோயிற்று. அம்மா அதை முந்தானைக்குள் பொதிந்துகொண்டு வெயிலில் அமர்ந்தார். எங்களுள் மூத்தவள் விலங்கியலும் இளையவன் தமிழும் கல்லூரிகளில் கற்பிக்கிறோம். ஒருவர் பாடம் மற்றவருக்கு விளங்குவது அரிது. அன்று அந்த எண்ணெயிலிருந்து பாடம் தொடங்கிற்று.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே இறுகும். அதன் கொழுப்பு இழைகள் பெரும்பாலும் நேரானவை. அடுக்கிய விறகுபோல் நெருங்கிக்கொள்பவை. உயிரணுவைப் போர்த்தியுள்ள சவ்வும் கொழுப்பாலானதே. ஆயினும் வளைந்த இழைகளும் அதில் கலந்திருப்பதால் நெகிழ்ந்திருக்கிறது. அந்த நெகிழ்ச்சியால்தான் சவ்விலிருந்து சிறு குமிழ்கள் கிள்ளப்பட்டு, சரக்கேற்றி, வேறொரு சவ்வைத் தேடிச்சென்று அதனோடு கலக்க முடிகிறது. எது எவ்விடம் சேர வேண்டும் என்பதைக் கொழுப்பின் தலையில் ஏறும் பாஸ்பேட் அடையாளங்களும் ராப் என்னும் புரதங்களும் காட்டுகின்றன. சேருமிடத்தில் குமிழின் புரதமும் சவ்வின் புரதமும் கயிறாய் முறுக்கிக்கொண்டு இரண்டையும் இழுத்து இணைக்கின்றன. முறுக்கிய கயிற்றைப் பிரித்து மீண்டும் பயன்படுத்த வேறொரு புரதம் தேவை. சூடேறினால் மயங்கி விழும் பழ ஈக்களை ஒபைத் சித்திக்கியும் சீமோர் பென்சரும் 1976இல் விவரித்தார்கள். சித்திக்கி பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தவர். அவற்றுள் ஒருவகை ஈயில் பழுதுபட்டிருந்தது அந்தக் கயிறு பிரிக்கும் புரதமே என்பது 1995இல்தான் தெரிந்தது. 2013இன் நோபல் பரிசு ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் இக்குமிழ்ப் போக்குவரத்துக்காகவே கிடைத்தது.

இவ்வளவில் பேச்சு முடிந்திருக்கும். ஏரிக்கரையில் வாடகைக் குதிரைகள் வரிசையாய் நின்றன. அவற்றைப் பார்த்த அம்மா, தாண்டிக்குடியில் எங்கள் தாத்தா வைத்திருந்த பொதிக் குதிரைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், பிறகு நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினார் என்பது எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு முன் ஒரு பிள்ளை, 1974இல், அந்த லாயத்தை அடுத்த அறையில் பிறந்தது. ஐந்தாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தியது. எட்டாம் நாள் வில்லாய் வளைந்து இறந்தது. பெயர் வைத்திருக்கவில்லை. தீட்டுக் கழியுமுன் அந்தி வேளையில் முற்றத்தில் நின்றதால் பட்சி தோஷம் பட்டது என்று ஊர் சொன்னது. அம்மா அதை ஐம்பது ஆண்டுகளாய்ச் சுமந்தார்.

தனுர்வாயு என்பார்கள், இரண ஜன்னி என்பார்கள். தனுர் என்றால் வில். பெயரிட்டவர் நன்றாகப் பார்த்தே பெயரிட்டிருக்கிறார். மண்ணிலும் குதிரை லத்தியிலும் கிடக்கும் நுண்ணுயிரின் விதை, தொப்புள்கொடி அறுத்த காயத்தில் முளைத்து நஞ்சு கக்குகிறது. நரம்பு முனைச் சவ்வில் சர்க்கரை தாங்கிய கொழுப்புகள் உண்டு. நஞ்சு முதலில் பற்றுவது அவற்றைத்தான். உயிரணு அதைத் தன் சரக்கென்று நம்பிக் குமிழுக்குள் விழுங்கி, நரம்பின் நீளம் முழுதும் பின்னோக்கிச் சுமந்து, தண்டுவடத்தில் இறக்குகிறது. அங்கே, தசையைத் தளர்த்தும் ஆணையைப் பிறப்பிக்கும் நரம்பணுவுக்குள் புகுந்து, குமிழின் கயிற்றுப் புரதமான சினாப்டோபிரெவினை அறுத்துவிடுகிறது. (இதை 1992இல் பாதுவா நகரத்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.) குமிழ் வாயில்வரை வந்தும் கலக்க முடியாமல் நிற்கிறது. தளர்த்தும் ஆணை வெளியே போவதில்லை. தசைகள் இறுகியது இறுகியபடி இருக்கின்றன. தாடையும் இறுகிப் பூட்டிக்கொள்கிறது.

மூத்தவள் இதையெல்லாம் அம்மாவுக்கு ஏற்ற சொற்களில் சொன்னாள். பறவையின் நிழலைக் கழுவிவிட்டோம் என்று நாங்கள் மகிழ்ந்ததுதான் பிழை. அம்மா சற்று நேரம் கழித்துக் கேட்டார்: "அப்ப எங்காத்தா அறுத்த அரிவாள்தானா?"

அதை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. கொடியை அறுத்துச் சாம்பல் தடவியவர் பாட்டி. ஒரு பழியைத் துடைக்கப் போய், இறந்துபோன ஒருத்தியின் தலையில் அதை இறக்கியிருக்கிறோம். அரிவாள் எல்லா வீட்டிலும் இருந்தது, தடுப்பூசி 1920களிலேயே உண்டாகியிருந்தது, அது நம் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான் என்று இருவரும் மாறி மாறிச் சொன்னோம். தாய்க்கு அந்த ஊசி போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் காப்பு என்றோம். 2015இல், பிரசவத்தை ஒட்டி வரும் இந்நோய் இந்தியாவில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்ததையும் சொன்னோம். அம்மா கேட்டாரா என்று தெரியவில்லை. எண்ணெய் உருகிவிட்டிருந்தது, தலைக்குத் தடவிக்கொண்டார்.

இரவு விளக்கணைத்த பிறகு இருட்டிலிருந்து குரல் வந்தது.

"அப்ப அவன் எம் பால வேணாங்கல?"

"இல்லம்மா. வாயைத் திறக்க முடியல."

"பசிச்சிருக்கும்ல?"

"பசிச்சிருக்கும்மா" என்றோம்.