பாட்டு முடிஞ்சதும் ஆட்டம்: திருப்போரூரிலிருந்து அப்பாவோடு ஒரு ரவுண்டு!

இந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊர் வாலிபால் போட்டியில் அப்பா மைக் பிடிக்கவில்லை.

20 வருடங்களுக்கு மேல் அவர்தான் அறிவிப்பாளர். திருப்போரூரை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. சவுக்குக் கம்பத்தில் டியூப் லைட், குழாய் ஸ்பீக்கர், ஒரு மர மேஜை, அதன்மேல் பரிசு ஷீல்டுகள். சாயங்காலம் 5 மணிக்கு முருகன் பாட்டில் ஆரம்பிப்பார். அடுத்து இரண்டு சினிமா பாட்டு. அப்புறம் குரல் கொடுப்பார். "சர்வீஸ் போடப்போறது நம்ம பால்காரர் பையன். இடது கை. எதிர் டீம் கொஞ்சம் உஷாரா இருங்கப்பா!" சிரிப்புச் சத்தம் ஓய்வதற்குள் ரெஃப்ரி விசில் ஊதிவிடுவார்.

இந்த வருடம் பசங்க டி.ஜே வைத்துவிட்டார்கள். எல்.இ.டி திரை, புகை மெஷின், யூடியூப் லைவ் என்று களை கட்டியது. அப்பாவை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனவர், கடைசி வரிசை பிளாஸ்டிக் சேரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும் கொண்டாட்டங்களைப் பற்றி எழுதலாம் என்று எங்கள் டெஸ்க்கில் பேச்சு வந்தபோது, எனக்கு அப்பாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. "வண்டியில ஒரு ரவுண்டு போலாமாப்பா?" என்றேன். ஞாயிறு காலை கிளம்பினோம்.

போர் நடந்த ஊர்

முதல் நிறுத்தம், கந்தசுவாமி கோயில் மாட வீதி. முருகன் அசுரர்களோடு திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், இங்கே விண்ணிலும் போர் புரிந்தார் என்பது ஐதிகம். ஊரின் பெயரிலேயே போர் இருக்கிறது. இங்கே மூலவர் பனைமரத்தாலான சுயம்புத் திருமேனி. அதனால் அவருக்கு அபிஷேகம் கிடையாது.

'பெரிய கூட்டம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததே இங்கேதான். ஐப்பசி கந்த சஷ்டியில் சூரசம்ஹாரம் பார்க்க, அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். மேளம், வாணவேடிக்கை, பலூன் கடை, பொரி கடை. சூரன் தலை மாற்றி மாற்றி வருவான். ஒவ்வொரு தலைக்கும் கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

"இங்க யாராவது 'எல்லாரும் கை தட்டுங்க'ன்னு சொல்றாங்களா? கதை தெரிஞ்ச கூட்டம்மா இது. எப்போ கத்தணும், எப்போ கையெடுத்துக் கும்பிடணும்னு அதுக்கே தெரியும்" என்றார் அப்பா.

அவர் எங்கே வருகிறார் என்று எனக்குப் புரிந்தது. பதில் சொல்லாமல் வண்டியை கேளம்பாக்கம் பக்கம் திருப்பினேன்.

கோவளம்: அலைக்கு ஒரு வர்ணனை

கேளம்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் சாலையோரம் உப்பளங்கள், அதைத் தாண்டி உப்பங்கழி, அப்புறம் கோவளம். 2021-ல் நீலக்கொடி சான்று பெற்ற கடற்கரை. காலை வெயிலில் மீனவர் வீட்டுப் பையன்கள் சர்ஃபிங் பலகையோடு தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே அலைச்சறுக்கு வளர்ந்த கதையில் முக்கியமான பெயர் மூர்த்தி மேகவன். கோவளத்து மீனவரான அவர், தான் கற்றதை ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2013-ல் இதே கரையில் சர்ஃபிங் போட்டியும் இசையும் சேர்ந்த திருவிழா தொடங்கியது. பகலில் அலை, இரவில் மேடைக் கச்சேரி. அந்தத் திருவிழாவுக்கு கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ்கூட வந்திருக்கிறார்.

சர்ஃபிங் போட்டியைக் கரையிலிருந்து பார்த்தால் முதலில் ஒன்றுமே புரியாது. தூரத்தில் நான்கு புள்ளிகள் மிதக்கும். அவ்வளவுதான். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கலர் ஜெர்ஸி. ஹார்ன் அடித்தால் சுற்று ஆரம்பம், மறுபடி அடித்தால் முடிவு. ஒவ்வோர் அலைக்கும் 10-க்கு மதிப்பெண். ஒருவர் எத்தனை அலை பிடித்தாலும் அவருடைய சிறந்த இரண்டுதான் கணக்கு. ஆக மொத்தம் 20-க்கு. இதையெல்லாம் மைக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். 'சிவப்பு ஜெர்ஸிக்கு இன்னும் 6 மதிப்பெண் வேண்டும்' என்று அவர் சொன்னதும் கரை மொத்தமும் சிவப்புப் புள்ளியைத் தேடும்.

இதை அப்பாவுக்கு விளக்கினேன். மணலில் குச்சியால் இரண்டு கோடு போட்டு யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்போ மைக்காரன் இல்லைன்னா இங்க ஆட்டமே இல்ல!"

2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் இங்கிருந்து தெற்கே மாமல்லபுரத்தில்தான் நடந்தது. ஆண்கள் பிரிவில் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்.

இ.சி.ஆரில் ஒரு சண்டை

கோவளத்திலிருந்து இ.சி.ஆரில் தெற்கே போகும் வழியில் இளநீர் குடிக்க நின்றோம். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

"இப்போல்லாம் மேட்ச்சா, கச்சேரியான்னே தெரியலம்மா. ஓவர் முடிஞ்சா பாட்டு, விக்கெட் விழுந்தா பாட்டு. பக்கத்துல இருக்கறவன்கிட்ட 'என்னய்யா பந்து அது'ன்னு ஒரு வார்த்தை பேச முடியுதா?"

அவர் சொல்வதில் வரலாறு இருக்கிறது. 2008-ல் ஐ.பி.எல் வந்தபோது சியர் கேர்ள்ஸும் வாணவேடிக்கையும் சேர்ந்தே வந்தன. சேப்பாக்கத்தில் டிரம்ஸ் சிவமணி வாசித்தது அந்த முதல் சீசனில்தான். 2014-ல் புரோ கபடி வந்ததும், கபடியும் கலர் லைட்டுக்கு மாறியது. 2024 மார்ச் 22-ல் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல் தொடங்கியபோது, முதல் பந்துக்கு முன் அக்‌ஷய் குமார் ஆடினார், ஏ.ஆர்.ரஹ்மான் பாடினார். அமெரிக்காவில் 1993 சூப்பர் பவுல் இடைவேளையில் மைக்கேல் ஜாக்சன் வந்த பிறகு, அந்த இடைவேளைக்காகவே டி.வி முன் உட்காருகிறவர்கள் உண்டு.

ஆனால், எனக்கும் ஒரு கட்சி இருக்கிறது.

"அப்பா, நீங்க மைக் பிடிச்ச காலத்துல அம்மா எங்க நின்னு மேட்ச் பார்த்தாங்க?"

யோசித்தார். "மாடியிலேருந்து."

"அத்தை?"

"அவளும் மாடிதான்."

"இந்தப் பொங்கலுக்கு?"

பதில் இல்லை. இந்தப் பொங்கலுக்கு அம்மாவும் அத்தையும் முன்வரிசையில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டி.ஜே பாட்டுக்கு என் தங்கச்சியும் தெருப் பெண்களும் ஆடினார்கள். வாலிபால் விதி தெரியாதவர்கள்கூட கடைசி செட் வரை இருந்தார்கள். நானே முதன்முதலில் ஸ்டேடியத்துக்குப் போனது கிரிக்கெட்டுக்காக இல்லை. மஞ்சள் ஜெர்ஸியும் விசிலும் பாட்டும்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போயின. எல்.பி.டபிள்யூ எல்லாம் அப்புறம் கற்றுக்கொண்டதுதான்.

"அது சரிதான்" என்றார் அப்பா, இளநீர் வழுக்கையைச் சுரண்டிக்கொண்டே. "வர வைக்கிறது தப்பில்லம்மா. வந்தவங்களுக்கு ஆட்டத்தைக் காட்டணும். அதைத்தான் சொல்றேன்."

பூஞ்சேரி: வெளியே திருவிழா, உள்ளே நிசப்தம்

மாமல்லபுரம் தாண்டி பூஞ்சேரி. ஓ.எம்.ஆர் வந்து இ.சி.ஆரோடு சேரும் இடம். 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது இங்கேதான். ரஷ்யாவில் நடக்க வேண்டியது உக்ரைன் போரால் இடம் மாறி, மார்ச்சில் சென்னைக்கு உறுதியானது. நான்கே மாதத்தில் ஏற்பாடு. ஓபன் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள்.

சத்தமே இல்லாத ஆட்டத்துக்கு எவ்வளவு சத்தமான வரவேற்பு! நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டமானது. வேட்டி சட்டையில் கைகூப்பி நிற்கும் 'தம்பி' குதிரை எங்கே பார்த்தாலும் நின்றது. ஜூலை 28 அன்று நேரு உள்விளையாட்டரங்கத்தில் தொடக்க விழா. லிடியன் நாதஸ்வரம் ஒரே நேரத்தில் இரண்டு பியானோ வாசித்தார். வரலாற்றில் முதல்முறையாக ஒலிம்பியாட்டுக்கு ஜோதி ஓட்டமும் நடந்தது.

மறுநாள் மதியம் 3 மணிக்கு ஆட்டம் தொடங்கியதும், அரங்கத்துக்குள் செல்போன்கூட கூடாது. 16 வயது குகேஷ் வரிசையாக 8 ஆட்டங்களை வென்றது அந்த நிசப்தத்தில்தான். முதல் போர்டில் அவருக்குத் தனிநபர் தங்கம். ஓபனில் இந்தியா 'பி' அணிக்கும், பெண்களில் இந்தியா 'ஏ' அணிக்கும் வெண்கலம். இரண்டு வருடம் கழித்து அதே குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன்.

அந்த வருடம் அப்பாவும் நானும் 'தம்பி' பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அப்பாவுக்கு செஸ் தெரியாது. ஆனால், அந்த இரண்டு வாரமும் பேப்பரில் குகேஷ் ஜெயித்தாரா என்று முதலில் தேடிப் படித்தார். யார் ஆடுகிறார்கள் என்பதை அந்தக் கொண்டாட்டம் அவருக்குச் சொல்லியிருந்தது. சொல்லிவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் வாசலோடு நின்றுகொண்டது.

2020-ல் கொரோனா காலத்து ஐ.பி.எல் ஞாபகம் இருக்கிறதா? அமீரகத்தில் காலி ஸ்டேடியத்தில், பதிவு செய்த கூட்டச் சத்தத்தை ஓடவிட்டார்கள். சத்தம் இருந்தது, ஆள் இல்லை. இப்போது ஆள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் குரல் கேட்கிற மாதிரி கொஞ்சம் இடம் விட்டால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டீக்கடையில் ஒரு மனு

ஓ.எம்.ஆர் வழியே வடக்கே வந்து, திருப்போரூரில் டீக்கு நிறுத்தினோம். போட்டி நடத்தும் பையன்களில் ஒருவன் அங்கே நின்றிருந்தான்.

"மாமா, டீ சாப்பிடுங்க" என்றான். அப்பா உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அடுத்த வருஷமும் டி.ஜே வைங்கப்பா. பொம்பளைங்க, பசங்க எல்லாரும் வர்றாங்க, நல்லா இருக்கு. ரெண்டு டீமும் உள்ள இறங்கினதும் பாட்டை நிறுத்திட்டு, ஒரு அஞ்சு நிமிஷம் மைக்கை எனக்குக் குடுங்க."

"அஞ்சு நிமிஷத்துல என்ன மாமா பண்ணப்போறீங்க?"

"யார் வீட்டுப் பையன் ஆடுறான்னு சொல்ல வேணாமா?"

பையன் சிரித்தான். "பசங்ககிட்ட பேசிட்டு சொல்றேன் மாமா."

அது சம்மதமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா அதற்குள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். எழுத, டீக்கடைக்காரரிடம் ஒரு துண்டு பேப்பர் கேட்டார்.

"சரி, உங்க டீம்ல இப்போ யார் யாரு ஆடுறீங்க? பேர் சொல்லு."